கடல் தேங்காய் உண்மையிலேயே அழிகிறதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அப்பாவுக்குச் சித்த வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தில் கடல் தேங்காய் என்று ஒரு சரக்கு இருக்கிறது. இது ஏதோ ஒரு தீவில் மட்டும் இருக்கிற மரம், அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? படங்களில் பார்த்தால் காடு காடாக நிற்கிறதே? அப்படியே அரிதான மரம் என்றால் நம்மூரில் நட்டு வளர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?"

உண்மைதான். படத்தில் நீங்கள் பார்த்த காடும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதில்தான் இந்த மரத்தின் கதையே இருக்கிறது. பெரிய மரங்களை இன்று யாரும் வெட்டுவதில்லை. காட்டுக்குள் நடந்தால் தலைக்கு மேலே ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும், வெயில் தரைக்கு வராது. தலையைக் குனிந்து தரையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அடுத்த தலைமுறை கன்றுகள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போதுமான அளவுக்கு இல்லை. விழ வேண்டிய காய்கள் விழுவதற்கு முன்போ, விழுந்த கையோடோ எடுக்கப்பட்டுவிடுகின்றன. இந்த மரம் நூற்றாண்டுகள் வாழக்கூடியது என்பதால், இன்று பறிபோகும் காயின் விளைவு நம் காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இதில் மோசமான பகுதி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றில் கடல் தேங்காய் இயற்கையாக வளர்வது பிராஸ்லின், கியூரியஸ் என்ற இரண்டே தீவுகளில். தலைநகர் விக்டோரியா இருக்கும் மாஹே தீவில்கூட இது இயற்கையாகக் கிடையாது. பிராஸ்லின் சுமார் 38 சதுர கிலோமீட்டர், கியூரியஸ் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த 38-லும் காடாக மிஞ்சியிருப்பது சில பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும்தான். பக்கத்திலிருந்த சில குட்டித் தீவுகளிலும் ஒரு காலத்தில் இருந்தது, அங்கே அற்றுப்போய்விட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் 2011-ல் இதை 'அழியும் நிலையில் உள்ள இனம்' என்று பட்டியலிட்டது. அந்த மதிப்பீட்டின்படி முதிர்ந்த மரங்கள் எட்டாயிரத்துச் சொச்சம். ஒரு இனத்துக்கு உலகம் முழுக்க உள்ள கணக்கு அவ்வளவுதான். அதிலும் பாதிக்குப் பாதி ஆண்மரம், அவை காய்க்காது.

இதன் தாவரவியல் பெயர் லோடோயிசியா மால்டிவிகா. பெயரில் மாலத்தீவு இருக்கிறதே தவிர, மாலத்தீவில் இந்த மரம் காட்டில் முளைத்ததே இல்லை. கடலில் மிதந்து வந்த காய்கள் மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கின. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாததால், கடலுக்கடியில் ஒரு மரம் இருக்கிறது, அதில் காய்க்கிறது என்று கதை கட்டினார்கள். நம் கடைகளில் 'கடல் தேங்காய்' என்று சொல்வதும் அந்தக் கதையின் மிச்சம்தான். மாலத்தீவில் கரை ஒதுங்கிய காய் மன்னருக்குச் சொந்தம். ஐரோப்பிய அரசர்கள் பொன் கொடுத்து வாங்கி, வெள்ளிப் பூண் போட்டுக் கிண்ணமாக்கி வைத்துக்கொண்டார்கள். 1768-ல் பிரெஞ்சுக் கப்பல்கள் பிராஸ்லினுக்கு வந்தபோதுதான், பாரே என்ற நில அளவையர் மூலமாக மரம் எங்கே நிற்கிறது என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. மறு வருடமே, அந்தப் பயணத்தில் வந்திருந்த டுச்செமின் என்ற மாலுமி திரும்பிப் போய்க் கப்பல் நிறையக் காய்களை ஏற்றி இந்தியச் சந்தையில் கொண்டுவந்து கொட்டினார். விலை சரிந்தது. ஆக, இந்த மரத்தைச் சுரண்டும் வரலாறு அது கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைவிட ஒரே ஒரு வருடம்தான் இளையது!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயிருள்ள புதிய காய் மிதக்காது, கல்போல் மூழ்கிவிடும். உள்ளே பருப்பு அழுகி, வெற்று ஓடானால்தான் மிதக்கும். ஆக, மாலத்தீவுக் கரையில் ஒதுங்கியவை எல்லாம் முளைக்கும் திறன் போன ஓடுகள். சாதாரணத் தென்னை கடல் வழியே தீவு தீவாகப் பரவியது போல இது பரவ வழியே இல்லை. பிறந்த தீவிலேயே இருந்தாக வேண்டும்.

இனி மரத்தைப் பற்றி. 'தேங்காய்' என்ற பேரை வைத்துத் தென்னை இனம் என்று நினைக்க வேண்டாம். இது பனைக்குத்தான் நெருங்கிய சொந்தம். பனையைப் போலவே ஓலை விசிறி விசிறியாக இருக்கும். பனையைப் போலவே ஆண் வேறு, பெண் வேறு. இளங்காய்க்குள் இருக்கும் வழுக்கை நுங்கு மாதிரியே இருக்கும், சீஷெல்ஸில் முன்பெல்லாம் விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். பனங்கிழங்கு போட்டுப் பழகியவர்களுக்கு இதன் முளைப்பைப் புரியவைப்பது சுலபம். பனங்கொட்டையின் முளை நேராக மேலே வராது, குழல் போல மண்ணுக்குள் இறங்கி அங்கேதான் கிழங்கு கட்டும். கொட்டைக்குள்ளே தவுன் ஊறி, இருக்கிற சத்தை எல்லாம் உறிஞ்சிக் கீழே அனுப்பும். கடல் தேங்காயும் அச்சுஅசலாக அதே வழியில்தான் முளைக்கிறது. அளவு மட்டும் பூதாகாரம். காய் விழுந்து, மேல் மட்டை மக்கி, பல மாதம் கழித்து இரண்டு மடலுக்கும் நடுவில் உள்ள பிளவிலிருந்து கயிறு மாதிரி ஒரு முளை வெளியே வரும். அது மண்ணுக்கடியில் மூன்று நான்கு மீட்டர் வரைகூட ஊர்ந்து போய், தள்ளி ஒரு இடத்தில் கன்றை எழுப்பும். அந்தக் கயிறு வழியாகக் காயில் உள்ள பருப்பு மூன்று நான்கு வருடம் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

உலகத்திலேயே மிகப் பெரிய விதை இதுதான். மட்டையோடு சேர்த்து இருபது கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மரத்தில் ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் பிடிக்கும். முளைத்த கன்றுக்குத் தண்டு தரைக்கு மேல் தெரியவே சுமார் பதினைந்து வருடம். பெண்மரம் முதல் காய் காய்க்க இன்னும் பல வருடம் போகும், நல்ல மண்ணும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் நாற்பதைத் தாண்டும். இன்னொரு சங்கடம், பூக்கும்வரை அது ஆணா பெண்ணா என்றே தெரியாது. கூட்டிப் பாருங்கள். இன்று ஒருவர் ஒரு காயைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டால், அந்தக் காய் மரமாகித் தன் முதல் காயைக் கீழே போட வேண்டிய காலம் அநேகமாக 2060-களிலோ அதற்கும் அப்புறமோதான். அந்த இழப்பு அதுவரை யார் கணக்கிலும் வராது.

இவ்வளவு பெரிய விதையை ஏன் செய்கிறது என்று தோன்றும். அதற்கு விடை மண்ணில் இருக்கிறது. பிராஸ்லின் கருங்கல் தீவு. மண் சிவந்து, சத்து கரைந்து போய், குறிப்பாகப் பாஸ்பரஸ் மிகக் குறைவு. இந்த மரம் அதற்கு ஒரு வேலை செய்கிறது. மழை பெய்யும்போது அதன் அடியில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். ஓலை பல மீட்டர் நீளம், மேல்பக்கம் முழுக்க ஆழமான மடிப்புகள். மழைத்தண்ணீர் மடிப்பு மடிப்பாக ஓடி மட்டைக்கு வரும். மட்டை ஒரு வாய்க்கால். அதில் இறங்கி, தண்டு வழியே அடிமரத்தில் வந்து சேரும். சுற்றிலும் தரை ஓரளவு காய்ந்திருக்க, மரத்தின் காலடியில் மட்டும் ஓடையாகத் தண்ணீர். சும்மா தண்ணீர் இல்லை. ஓலையில் கிடந்த ஆண்பூவின் மகரந்தம், பறவை எச்சம், பல்லி எச்சம், சருகுத் தூள் எல்லாவற்றையும் அது கழுவிக்கொண்டு வருகிறது. மண்ணை எடுத்து அளந்து பார்த்தவர்கள், தண்டை ஒட்டிய மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் சற்றுத் தள்ளி உள்ள மண்ணைவிடத் தெளிவாக அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். மரம் தனக்குத் தானே எரு வைத்துக்கொள்கிறது.

அந்த எருவில் பங்கு அதன் கன்றுக்கும் உண்டு. காய் கனமானது, உருட்டிக்கொண்டு போகவும் மிருகம் இல்லை. தாய்மரத்தின் கீழேயே விழுந்து, அதன் காலடியிலேயே முளைக்கிறது. மற்ற மரங்களின் பிள்ளைகள் தாயின் நிழலில் நோஞ்சானாகிச் செத்துவிடும். இதற்கோ கையில் நாலு வருடச் சோறு இருக்கிறது, காலடியில் தாய் சேர்த்து வைத்த எரு இருக்கிறது, எனவே அந்த இருட்டிலும் பிழைக்கிறது. மற்ற செடிகளால் அங்கே தலைதூக்க முடிவதில்லை. அப்படித்தான் ஒரே இனத்தால் ஆன அந்தக் காடு உருவானது. மனிதன் இல்லாத தீவில், காயைத் தின்னவோ தூக்கிக்கொண்டு போகவோ ஆள் இல்லாத இடத்தில், இது அருமையான ஏற்பாடு. ஆனால் கனமான, மெதுவான, வந்து பொறுக்கிக்கொள் என்று தாயின் காலடியிலேயே கிடக்கிற விதையைவிடத் திருடனுக்குத் தோதானது வேறென்ன இருக்கிறது?

அதனால் ஆபத்துகளில் முதல் இடம் காய் எடுப்பதற்குத்தான். இதில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று சட்டப்படி எடுப்பது. சீஷெல்ஸில் 1978-லேயே கடல் தேங்காய்க்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. காயை வைத்திருக்கவும் விற்கவும் அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணி வாங்கும் ஓட்டுக்கு எண்ணும் சான்றிதழும் இருக்கும். விலை இந்திய ரூபாயில் பல ஆயிரங்கள். உள்ளே பருப்பு நீக்கப்பட்ட, பளபளவென்று தேய்த்த ஓடு அது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டை விற்றாலும் பருப்பை விற்றாலும் போவது ஒரு விதை. வழித்து எடுத்த அந்தப் பருப்பும் காய்ந்த துண்டுகளாக ஆசியச் சந்தைகளுக்குப் போகிறது. பல பத்தாண்டுகளாக இப்படி முறையாகவே எடுத்து வந்ததன் விளைவுதான் பல இடங்களில் இளம் கன்றுகள் குறைந்து போனது. சட்டம் திருட்டைத் தடுக்கும். எவ்வளவு காயைக் காட்டிலேயே விட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, காட்டில் கன்றுகளை எண்ணிப் பார்க்கும் ஆள் வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு மிகவும் பிந்தித்தான் வந்தது என்பது என் கருத்து.

இரண்டாவது திருட்டு. ஓட்டுக்கு எண் போட்டாயிற்று, சான்றிதழ் வைத்தாயிற்று. பருப்பைச் சீவி உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் எண்ணை எங்கே ஒட்டுவது? திருடனுக்கு ஓடே வேண்டாம். இரவோடு இரவாகக் காயைப் பிளந்து, பருப்பை வழித்துக்கொண்டு, ஓட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போகலாம். பிராஸ்லினில் காய்த் திருட்டு பழைய தலைவலி, தனியார் நிலத்து மரம், காப்புக்காட்டு மரம் எதுவும் தப்புவதில்லை. முற்றாத காயையும் வெட்டிவிடுகிறார்கள், அதில் விதையாகும் வாய்ப்பு துளிகூட இல்லை. சின்னத் தீவு, வேலை குறைவு, ஒரு காய்க்கு ஒரு மாதச் சம்பளத்தை எட்டும் விலை கிடைக்கலாம் என்றால், காவலை மட்டும் வைத்து இதை நிறுத்த முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாங்குகிற முனையில் பணம் நிற்க வேண்டும்.

அடுத்தது தீ. கடல் தேங்காய்க் காட்டின் தரையில் காய்ந்த ஓலை அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஆள் படுக்கலாம் போல அவ்வளவு பெரிது. மழைக்காலத்தில் அது எரு. தென்கிழக்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அது விறகு. பிராஸ்லினில் சரிவு சரிவாகச் செம்மண் தெரியும் மொட்டை நிலங்கள் பழைய தீயின் தழும்புகள்தான். தீ போனதும் மழை வந்து மேல்மண்ணைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் அங்கே கடல் தேங்காய் திரும்பி வருவது எளிதில்லை. எட்டாயிரம் மரமும் இரண்டு தீவில் இருக்கும்போது, ஒரு கெட்ட கோடை எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். திருட்டு ஒவ்வொரு காயாகக் குறைக்கிறது, தீ ஒரே மதியத்தில் நூறு வருடத்தைக் குறைக்கும்.

வெளியூர் உயிரினங்களும் நுழைந்திருக்கின்றன. காபி, வனிலா, இலவங்கப்பட்டை என்று தோட்டப்பயிராக வந்தவை காட்டுக்குள் பரவின. அவற்றைப் பிடுங்கி எடுப்பது ஓயாத வேலை. அதைவிடக் கவலை தருவது மஞ்சள் கிறுக்கு எறும்பு. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலையில் 2022-ல் ஆடுமாடுகளின் கண்ணைக் குறிவைத்து ஊர்மக்களை ஓட ஓட விரட்டியதாகச் செய்தி வந்ததே, அதே எறும்பு. 2009-ல் பிராஸ்லினின் வாலி டி மே காப்புக்காட்டுக்குள்ளும் அது கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தை அது தின்னாது. மரத்தில் வாழும் பல்லி, நத்தை, பூச்சிகளை விரட்டிவிடும். ஆண்மரத்தில் கை நீளத்துக்கு, சில நேரம் அதைவிட நீளமாக, பழுப்பு நிறத்தில் ஒரு பூக்கதிர் தொங்கும். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். அந்தத் தேனை நக்க வருபவை பச்சைப் பல்லிகளும் வெண்கல நிறப் பெரிய பல்லிகளும். ஈயும் தேனீயும் வரும். காற்றும் உதவலாம். பெண்பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னமும் விவாதத்தில் உள்ள விஷயம். அப்படி இருக்கையில் அந்த வட்டாரத்துக் கூட்டத்தையே எறும்பு கலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கும் நிலையில் நாம் இல்லை. (புயல் இரவில் ஆண்மரங்கள் நடந்து போய்ப் பெண்மரங்களைத் தழுவும், பார்த்தவர் உயிர் தப்பமாட்டார் என்று அந்தத் தீவில் ஒரு கதை உண்டு. மகரந்தச் சேர்க்கை பற்றிய கொள்கைகளில் இதற்குத்தான் சாட்சி கொண்டுவருவது மிகக் கடினம்.)

காடு போனால் மரத்தோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். சீஷெல்ஸின் தேசியப் பறவையான கருங்கிளி பிராஸ்லின் தீவை நம்பி வாழ்கிறது. செத்து உளுத்துப்போன கடல் தேங்காய்த் தண்டின் பொந்துதான் அதற்குக் கூடு. உலகத்தில் மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவு. மரம் செத்தாலும் தண்டை வெட்டி அப்புறப்படுத்தாமல் அப்படியே விட வேண்டும் என்று காப்புக்காட்டில் சொல்வது இதனால்தான்.

சரி, காப்பாற்ற என்ன செய்திருக்கிறார்கள்? முக்கியமான இடம் வாலி டி மே, வெறும் 19.5 ஹெக்டேர். நம்மூர்க் கணக்கில் ஐம்பது ஏக்கர்கூட இல்லை. 1966-ல் காப்பகமாக்கினார்கள், 1983-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதைத்தான் 1881-ல் பார்த்த ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் கார்டன், பைபிளில் வரும் ஏதேன் தோட்டம் இதுவே, விலக்கப்பட்ட கனி இந்தக் காயே என்று முடிவுகட்டினார். எண்பது அடி உயரத்தில் தொங்கும் இருபது கிலோ காயை ஏவாள் எப்படிப் பறித்தாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இன்று இந்தக் காட்டைச் சீஷெல்ஸ் தீவுகள் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. மரத்துக்கு மரம் எண், காய்க்குக் காய் கணக்கு, வெளிச்செடி அகற்றல், எறும்புக் கட்டுப்பாடு, தீத்தடுப்பு, ரோந்து எல்லாம் நடக்கிறது. தீவின் தெற்கே ஃபோன்ட் ஃபெர்டினாண்ட் என்ற பெரிய காப்பகமும் இருக்கிறது. கியூரியஸ் தீவு ஒரு தேசியப் பூங்கா. 2010-ல் சீஷெல்ஸ் அரசு இந்த மரத்தைச் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. அதன்படி காய் நாட்டை விட்டு வெளியே போக ஏற்றுமதிச் சான்று வேண்டும்.

இவற்றில் எனக்கு உருப்படியானதாகப் படுவது மிகச் சாதாரணமான ஒரு வேலை: காயை விற்காமல் திரும்பக் காட்டில் நடுவது. அதற்கு ஆய்வகம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். விழுந்த காயை எடுத்து, மரம் இல்லாமல் வெறுமையாகிவிட்ட சரிவில் வைத்து, பக்கத்தில் ஆள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். ஒரு வருடத்துக்கு மேல் காய் தரையில் கிடக்கும், அதன் பிறகும் பருப்பு உள்ளே சில வருடம் இருக்கும். அத்தனை நாளும் அது யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பணம். தவிர, நடுகிற ஒவ்வொரு காயும் விற்காத காய், அந்த வருமானத்தை அறக்கட்டளை விட்டுக்கொடுக்க வேண்டும். வாலி டி மே நுழைவுக் கட்டணத்தில் வரும் பணம்தான், அதே அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும், சீஷெல்ஸின் தூரத்து அல்டாப்ரா பவளத்தீவின் பாதுகாப்புக்கும் போகிறது. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது அந்த வரவும் நின்றது. சுற்றுலாவை மட்டும் நம்பிக் காட்டைக் காப்பதில் உள்ள ஓட்டை அப்போது நன்றாகவே தெரிந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, நம்மூரில் நட்டால் என்ன? நட்டிருக்கிறார்கள். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது, காய்க்கவும் செய்கிறது. அங்கே போனவர்கள் பார்த்திருக்கலாம். கொல்கத்தா அருகே ஹௌராவில் உள்ள தாவரவியல் பூங்காவில் 1894-ல் ஒன்று நட்டார்கள். பல பத்தாண்டு கழித்துப் பூத்தபோதுதான் அது பெண் என்று தெரிந்தது. பக்கத்தில் ஆண் இல்லை. வெளிநாட்டு மரங்களிலிருந்து மகரந்தம் வரவழைத்துக் கையால் சேர்க்கை செய்து, ரொம்பவும் பாடுபட்டுத்தான் காய் பார்த்தார்கள். ஒரு மரத்துக்கே இந்தக் கதை.

இதில் பக்கக்கன்று கிடையாது, வாழை மாதிரி பெயர்த்து நட முடியாது. ஒவ்வொரு புது மரத்துக்கும் ஒரு முழுக் காய் வேண்டும், அந்தக் காய் பெரும்பாலும் பிராஸ்லினிலிருந்துதான் வர வேண்டும். நெல்விதை போல உலர்த்திக் குளிர்பதனத்தில் வைக்கவும் முடியாது, உலர்ந்தால் செத்துவிடும். ஆகவே விதை வங்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியே ஆயிரம் காய் கொண்டுவந்து கன்னியாகுமரியிலோ அந்தமானிலோ நட்டோம் என்று வையுங்கள். முதல் அறுவடை நம் பேரப்பிள்ளைகளுக்கு. அதற்காகத் தீவிலிருந்து எடுத்த ஆயிரம் காயும் அங்கே முளைத்திருக்க வேண்டியவை. பூங்காவில் ஓரிரு மரம் வைப்பது ஜனங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள நல்லது. அது காட்டுக்கு மாற்று ஆகாது. பல்லி, கிளி, நத்தை, எருவான மண் எதுவும் காயோடு சேர்ந்து கப்பலேறி வராது.

கடைசியாக, அப்பாவின் மருந்து. கடல் தேங்காய் சித்தத்திலும் யுனானியிலும் பழைய சரக்குதான், மறுக்கவில்லை. சீன வைத்தியத்திலும் இருமலுக்குக் கொடுப்பார்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 'ஆப்பிரிக்கக் கடல் தேங்காய்' இருமல் மருந்து பழக்கமான பெயர். (அங்கே இனிப்புக் கடையில் 'கடல் தேங்காய்' என்று கிண்ணத்தில் போட்டுத் தருவது பெரும்பாலும் நம் நுங்குதான், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.) ஆண்மைக்கு நல்லது என்ற நம்பிக்கை காயின் உருவத்தைப் பார்த்து வந்தது, பெண்ணின் இடுப்பை ஒத்த வடிவம் அதற்கு. உருவத்தைத் தவிர வேறு ஆதாரம் யாரும் காட்டியதில்லை.

மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, சீஷெல்ஸ் ஏற்றுமதிச் சான்று இருக்கிறதா என்று. மொத்த வியாபாரியிடம் வாங்கினேன், சான்று கிடையாது என்றால், அது திருட்டுக் காயாக இருக்கலாம், அல்லது கடல் தேங்காயாகவே இல்லாமல் இருக்கலாம். பொடியாக்கிய பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டில் எதுவானாலும் அப்பாவுக்குக் கொடுக்கத் தகுந்ததல்ல. அந்தப் பதிலோடு வைத்தியரிடம் போய், இதற்குப் பதிலாக வேறு எந்தச் சரக்கைச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். கிடைக்காத சரக்குக்குப் பதில் சரக்கு சொல்வது வைத்தியர்களுக்குப் புதிதல்ல, அவரே சொல்லிவிடுவார்.